பெரிய முட்டாள்

ஆண்டின் மிக நீளமான இரவு இன்று.
மாலை நான்கு மணிக்கே
ஷிகோக்கு மலைச்சரிவிலிருந்து வண்டி வந்துவிட்டது.
இரண்டு பெட்டி யூசு. நூற்றிருபது பழம்.
கடையில் விலைபோகாதவை.
காற்றடித்த நாட்களில்
தன் கிளை முள்ளே தன்னைக் கீறித்
தழும்பேறிய மஞ்சள்.

வெந்நீர்த் தொட்டியில் கொட்டினேன்.
இந்த ஒரு ராத்திரி இதில் குளித்தால்
குளிர்காலம் முழுக்கச் சளி அண்டாதாம்.
தழும்பை யாரும் பார்ப்பதில்லை.
அவரவர் தழும்போடு
அம்மணமாகத்தானே வருகிறார்கள் எல்லாரும்.

என் இருக்கை உயரமானது.
இடக்கைப் பக்கம் ஆண்கள், வலக்கைப் பக்கம் பெண்கள்.
நடுச்சுவர் கூரையைத் தொடாது.
காசு வாங்குவேன், துண்டு கொடுப்பேன்.
யார் யாரோடு வந்தார்,
யார் தனியே திரும்பினார் என்பதும்
என் கல்லாவில்தான் விழும்.

ஊடோன் கடை இவாவோவும் மிட்சுயோவும்
இன்றும் வந்தார்கள்,
நடுவே பத்தடி விட்டு.
அறுபத்து மூன்று நாளாகப் பேச்சில்லை.

தோலிருக்கச் சுளை விழுங்குவது ஊர் வழக்கம்.
இவர்கள் கடையில் நேர்மாறு:
சுளையை ஒதுக்கிவிட்டு
நகத்தளவு தோல் சீவி
தெளிந்த சூப்பின் மேல் மிதக்க விடுவார்கள்.
எலுமிச்சையின் அவசரம் இல்லை அதில்,
நாரத்தையின் முரட்டுத்தனமும் இல்லை.
மூடி திறந்ததும்
பேச வாயெடுத்தவர்கூட ஒரு கணம் நிறுத்துவார்.

கல்யாணமான வருடம்
அப்படி ஒதுக்கிய சுளையிலிருந்து
அவள் ஒரு விதை எடுத்துக்
கடைக்குப் பின்னால் ஊன்றினாள்.
ஊர்ச் சொல் ஒன்று உண்டு:
பீச்சுக்கு மூன்றாண்டு, பெர்சிமனுக்கு எட்டு,
யூசு என்னும் பெரிய முட்டாளுக்குப் பதினெட்டு.

பதினாறாம் ஆண்டு
வேன் நிறுத்த இடமில்லை என்று
வெட்டிவிட்டான் இவாவோ.
பூக்காத மரம், முள் வேறு என்றான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அன்றிலிருந்து ஒன்றுமே சொல்லவில்லை.

ஏழரை மணி இருக்கும்.
ஆவியில் விளக்குகள் கரைந்திருந்தன.
மீன்கடை ஃபுசாவின் பேத்தி
பழத்தைப் பிழிந்து பிழிந்து
தண்ணீரையே புளிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.
அப்போது ஆண்கள் பக்கமிருந்து,
பதினாறு வருடப் பழக்கத்தில்,
நாக்கு தானாகப் புரண்டு வந்தது:
"மிட்சுயோ, சோப்பு!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்கும்.
பக்கெட் ஓசை நின்றது.
குழாயை யாரோ மூடினார்கள்.
இரு பக்கமும்
அந்தச் சுவரையே பார்த்தன.

சோப்பு போகவில்லை.
ஒரு பழம் போனது.
நல்ல வீச்சு. சுவர் தாண்டி,
வெந்நீர்க் குழாயை உரசி,
தொப்பென்று எங்கோ விழுந்தது.
பின்னாலேயே அவள் குரல்:
"முட்டாள்!"

முதலில் சிரித்தது ஃபுசா.
பிறகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
குழந்தைகள் காரணம் தெரியாமல்.
இவாவோ மட்டும்
இடுப்பளவு நீரில் நின்று
பழத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
மரத்தைச் சொன்னாளா
தன்னைச் சொன்னாளா என்று
அதில் எழுதியிருப்பதுபோல.

வெளியே வந்தபோது அவன் தலை காயவில்லை.
துண்டில் எதையோ முடிந்திருந்தான்.
அவள் காலணிப் பெட்டி முன்னால்
வேண்டுமென்றே மெதுவாக
ஒரு நாடாவை மூன்று முறை கட்டினாள்.
இருவரும் படியிறங்கினார்கள்.
தெருவில் பனி விழத் தொடங்கியிருந்தது.
இடைவெளியை அளக்க
என் இருக்கையிலிருந்து வசதிப்படவில்லை.

நள்ளிரவுக்குப் பின் தொட்டியை வடித்தேன்.
உப்பிச் சோர்ந்த பழங்களை
வாளியில் எண்ணிப் போட்டேன்.
நூற்றுப் பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன். அதே.
வடிகால் வலையில்
விதைகள் அடைத்துக் கிடந்தன.
வருடா வருடம் இதே தொல்லை.
விரலை விட்டு ஒவ்வொன்றாய் நோண்டினேன்.
வழுக்கிக்கொண்டே இருந்தன.